உபாசனா உடைகள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஆரோவில்லின் உபாசனா துணிக்கு விலை ஏன் கூடுதல் என்று கேட்பவர்கள், அதைத் தொடங்கிய உமா பிரஜாபதி எப்படி வேலை செய்கிறார் என்று பார்க்க வேண்டும். தில்லி நிஃப்ட் ஃபேஷன் கல்லூரியில் டிசைன் படித்துவிட்டு ஆரோவில் வந்தவர். 1997-ல் இந்த நிறுவனத்தை ஆரம்பித்தார். பருவத்துக்கு ஒரு ஃபேஷன் என்று ஓடாமல், பருத்தி விவசாயி, வாரணாசி நெசவாளர், மீனவப் பெண்கள் என ஆட்களை வைத்தே வேலையைத் திட்டமிடுகிறார். 2004 சுனாமிக்குப் பின் வெட்டுத்துணியில் மீனவப் பெண்கள் செய்த 'சுனாமிகா' பொம்மை இன்றும் விற்பனைக்கு இல்லை, அன்பளிப்புதான். ஒரு டிசைனரின் மிகச் சிறந்த வேலை என்று நாங்கள் அதைத்தான் சொல்வோம்.

இனி துணிக்கு வருவோம். இங்கே ஆர்கானிக் பருத்தியும் இயற்கைச் சாயமும்தான் அடிப்படை. வெட்டு பெரும்பாலும் தளர்வு. கைத்தறிப் பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். 100 செ.மீ. நீளக் குர்தா 95-க்கு வந்துவிடக்கூடும். முன்பே நனைத்துத் தைத்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

சாயத்தில்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். பருத்தியில் இயற்கைச் சாயம் தானாக நிற்காது. கடுக்காய் நீரில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, அப்புறம்தான் சாயத்தில் முக்க வேண்டும். அவசரத்தில் இதில் ஒரு கட்டத்தைக் குறைத்தாலும் சில சலவைகளில் நிறம் வெளுத்துவிடும். நீலச் சாயம் தரும் அவுரிக்குப் படிகாரம் தேவையில்லை. அது நூலின் மேற்பரப்பில் படிந்து நிற்பது, அதனால் தொடக்கத்தில் மற்றத் துணிகளில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். ஈர வெள்ளைத் துணியால் உள்தையலில் பத்துத் தடவை தேயுங்கள். இளநீலம் வந்தால் பரவாயில்லை. அடர்நீலமாக ஒட்டினால் சரியாக அலசவில்லை என்று பொருள். வெறும் மஞ்சள் கிழங்கில் தோய்த்த நிறம் வெயிலில் சீக்கிரம் போகும். மாதுளைத் தோலின் மஞ்சள் அதைவிட நிற்கும். கடுக்காயும் துருநீரும் (இரும்புத் துரு ஊறிய நீர்) சேர்ந்த கறுப்பு அழகுதான், ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் அந்த இடம் வெளுத்துவிடும். துருநீர் அளவுக்கு மீறினால் சில ஆண்டுகளில் நூலே இற்றுப்போகும்.

பூந்திக்கொட்டை நீர் அல்லது காரமில்லாத திரவ சோப்பு போதும். சோடா கலந்த சோப்புக்கட்டி வேண்டாம். உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் உலர்த்துங்கள்.

எந்தக் கடையிலும் கேட்க வேண்டிய ஒன்று: ஆர்கானிக் சான்று என்பதால் சாயமும் இயற்கையானது என்றாகாது. ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்றான ஜிஓடிஎஸ்ஸின் (GOTS) விதிகள் குறிப்பிட்ட வரம்புக்குள் செயற்கைச் சாயத்தை அனுமதிக்கின்றன. 'ஆர்கானிக்' முத்திரைக்கு 95 சதவீதமாவது ஆர்கானிக் இழை வேண்டும். அடுத்த தரத்துக்கு 70 சதவீதம் போதும். பருத்தி, சாயம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மூலிகைச் சாயமிட்ட ஆயுர்வஸ்திரா வகையை அதன் மென்மையான நிறத்துக்காகத் தாராளமாக வாங்கலாம். தோல் நோய்க்கு மருந்தாக நினைத்து வாங்காதீர்கள். அதற்குத் தோல் மருத்துவர் இருக்கிறார்.

வாங்கும்போதே அதே துணியில் ஒரு கையகலத் துண்டும் கேட்டு வையுங்கள். பின்னால் கிழிசலுக்கு ஒட்டுப்போட உதவும். இயற்கைச் சாயத்தில் அடுத்த தொட்டியில் அதே நிறம் வருவது அரிது.