டூலாக்செட்டினா, அமிட்ரிப்டிலினா? வலியும் மனச்சோர்வும் சேர்ந்து வந்தால்

சுகரால் பாதம் எரிகிறது. அல்லது நெல்லை முக்கூடல் பக்கம் வருஷக்கணக்கில் பீடி சுற்றி இடுப்பு விட்டுப்போயிற்று. கூடவே மனசும் ஒடிந்து கிடக்கிறது என்றால், மருந்துச்சீட்டில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். எங்கள் சாய்வு டூலாக்செட்டின் பக்கம்.

அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, விலை மலிவு, தூக்கமும் தரும். வலிக்கு ராத்திரி 10 முதல் 25 மில்லிகிராம் போதும். ஆனால் அந்த அளவு மனச்சோர்வை அசைக்காது. அதற்கு 75க்கு மேல் போக வேண்டும். போனால் நாக்கு வறளும், மலம் கட்டும், காலையில் தலை தூக்காது. புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ள வயசாளிகளுக்குச் சரிப்படாது. மொத்தமாக விழுங்கினால் இதயத்தையே நிறுத்திவிடும் என்பதால், விரக்தியில் இருப்பவர் கைக்கு எட்ட அட்டை அட்டையாக வைக்கக் கூடாது.

டூலாக்செட்டினில் 60 மில்லிகிராம் ஒன்றே இரண்டுக்கும் கேட்கும். முதல் வாரம் 30, பிறகு 60. முதல் இரண்டு வாரக் குமட்டலுக்குச் சாப்பாட்டோடு போடுவதே வழி. மனசு தெளிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். 60க்கு மேல் ஏற்றினால் வலிக்குப் பெரிய லாபம் இல்லை, தொல்லைதான் கூடும். ஈரல் கெட்டவர்கள், தினமும் குடிப்பவர்கள், சிறுநீரகம் ரொம்பவும் தளர்ந்தவர்கள் இதைத் தொடக் கூடாது. பிரஷரை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

இதில் ஆளைக் கவிழ்ப்பது நிறுத்தும் விதம். பாதி மருந்து சுமார் 12 மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு போய்ச் சொரிமுத்தையனார் கோயிலில் மூன்று நாள் தங்குகிறவர் அட்டையை வீட்டிலேயே மறந்தால், இரண்டாம் நாளே கிறுகிறுப்பு, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தது போல ஒரு சுரீர். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். விட்டதை விட்டுவிட்டு வழக்கமான வேளைக்கு ஒன்று போட்டால் போதும். நிறுத்த வேண்டுமென்றால் 60லிருந்து 30, அதில் இரண்டு வாரமாவது இருந்து பிறகு விடலாம். வருஷக்கணக்கில் போட்டவர்கள் டாக்டரைக் கேட்டு இன்னும் மெதுவாக இறங்க வேண்டும். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாதி போடுவது நடக்காது. உள்ளே இருக்கும் குருணையின் பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைத் தின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தில் 10 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும் அமிட்ரிப்டிலின்தான் வசதி, இறக்குவது சுலபம்.

மெடிக்கலில் வலிக்கென்று கேட்டு வாங்கும் டிராமடால் இரண்டோடும் மோதும்: நடுக்கம், வியர்வை, காய்ச்சல் வரை போகும். டைக்ளோஃபினாக்கை டூலாக்செட்டினோடு சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். நீர் போகும் மாத்திரை போடும் வயசாளி திடீரென்று குழம்பிப் பேசினால், வெயிலின் மேல் பழியைப் போடாமல் ரத்தத்தில் சோடியம் (உப்பு) குறைந்திருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்துக்கென்று டூலாக்செட்டினோடு அமிட்ரிப்டிலினையும் சேர்த்து எழுதுவதும் உண்டு. டூலாக்செட்டின் அமிட்ரிப்டிலின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், ஆகவே அது டாக்டர் முடிவாகவே இருக்கட்டும்.

25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரம் வீட்டார் கவனிக்க வேண்டும். சாகும் எண்ணம் தலைகாட்டினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரி என்றாலும் மனநல உதவி எண் 14416 (டெலி மனாஸ்) எடுக்கும்.