தொங்கும் சோலார் வேலி: ஈரோடு மாவட்டத் தாளவாடித் தோட்டத்தில் எப்படி உழைக்கிறது?

யானை இறங்கும் காட்டோரத்தில் வெள்ளாமை செய்கிறவர்களுக்குத் தொங்கு வேலி போட்ட காசு வீண்போகாது. ஆனால் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய சோலார் வேலியை யானைகள் படித்துவிட்டன. தந்தத்தில் ஷாக் ஏறாது என்பதால் தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும், இல்லாவிட்டால் மரத்தைச் சாய்த்துக் கம்பிமேல் போட்டுவிட்டுத் தாண்டும். தொங்கு வேலியில் கம்பங்கள் உயரம்; மேலே காட்டுப்பக்கம் நீட்டிய கம்பியிலிருந்து மெல்லிய கம்பிகள் ஆலம்விழுது மாதிரி தொங்கும். யானை கம்பத்தை எட்டுவதற்குள் அவை அதன் நெற்றியிலோ தும்பிக்கையிலோ பட்டுவிடும். ஒரு யானை பிளிறிக்கொண்டு திரும்பி ஓடியதை நானே பார்த்தேன்.

வேலிக்கு ஷாக் கொடுக்கும் மெஷின் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. நொடிக்கொரு தடவை விட்டுவிட்டு அடிக்கும், சுண்டி இழுக்கும், உயிரை எடுக்காது. தரச்சான்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக் கரண்டை நேராக வேலிக்குக் கொடுப்பது கொலை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்த வருடமே மின்வேலியைப் பதிவு செய்ய அரசு விதி கொண்டுவந்தது. பதிவை முதலில் முடித்துவிடுங்கள்.

குறை என்றால் மழைக்காலம்தான். கொடி ஏறிக் கம்பியைத் தொட்டால் கரண்ட் எர்த்தாகி வேலி செத்துவிடும். காற்றில் விழுதுகள் சிக்கிக்கொள்ளும். சாயங்காலம் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் படுக்கக் கூடாது. வேலி போட்டுத் தந்தவர் பணம் வாங்கிய பிறகு சர்வீஸுக்கு வரவே இல்லை. கம்பி முறுக்கவும் பேட்டரிக்குத் தண்ணீர் விடவும் நாங்களே கற்றுக்கொண்டோம்.

அப்பா காலத்தில் இங்கே மானாவாரி ராகிதான். கதிர் முற்றும் மாதங்களில் பரண் காவல் போதும். இப்போது போர்வெல் தண்ணீரில் முட்டைக்கோஸ், வாழை, கரும்பு என்று வருடம் முழுக்கப் பச்சை. சுற்றியுள்ள காடு 2013 முதல் புலிகள் காப்பகம். 2022 முதல் சமவெளிக்கு இறங்கும் திம்பம் மலை ரோட்டில் வண்டிகளுக்கு இரவுத் தடை இருப்பதால் லோடு நேரத்தோடு மலை இறங்க வேண்டும். மறுநாள் வெட்ட வேண்டிய காயை இரவில் யானை மிதித்தால் அந்தப் பருவமே போச்சு. 2023 ஏப்ரலில் தோட்டங்களை நாசம் செய்துவந்த கருப்பன் என்ற காட்டு யானையை வனத்துறையினர் பிடித்துக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகும் யானை வருவது நிற்கவில்லை.

எங்கள் வேலியில் அடிபட்ட கூட்டம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ராகிக்குள் இறங்கியது. அவருக்கு வேலி போட வசதியில்லை. இப்போது வரிசையாக உள்ள தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து, காட்டோரம் முழுக்க ஒரே வேலியாக நீட்டிவிட்டோம். அண்ணன் பணத்துக்குப் பதிலாகக் கொடி வெட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். தனியாக வாங்க நினைப்பவர்கள் முதலில் பக்கத்துத் தோட்டத்தில் பேசிவிட்டு விலை கேளுங்கள்.