விண்டோஸ் பிரிவை லினக்ஸில் திறக்க: என்டிஎஃப்எஸ்-3ஜியா, என்டிஎஃப்எஸ்3-ஆ?

என்டிஎஃப்எஸ் என்பது விண்டோஸ் தன் டிஸ்க் பிரிவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை. அதை லினக்ஸில் திறக்க உதவும் டிரைவர்கள் (இயக்கி மென்பொருள்கள்) இவை. பெயர் ஒட்டிப்பிறந்த மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சரக்கு. என்டிஎஃப்எஸ்3 கெர்னலுக்குள்ளேயே (லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே) ஓடும் டிரைவர். பாராகான் நிறுவனம் எழுதியது, 2021-இல் லினக்ஸ் 5.15-இல் சேர்ந்தது. என்டிஎஃப்எஸ்-3ஜி கெர்னலுக்கு வெளியே, ஃபியூஸ் என்ற இணைப்பு வழியாக ஓடுவது. பெரிய வீடியோக்களை நகலெடுக்கும்போது சிபியுவைத் தின்னும், வேகமும் குறைவு.

ஆனாலும் மொரீஷியஸ் வீடுகளில் ஒரே மடிக்கணினியில் இரண்டு சிஸ்டமும் வைத்திருப்பவர்களுக்கு 3ஜிதான் சரி. கணினியைச் சீக்கிரம் எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால் விண்டோஸ் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் கிடக்கிறது. 3ஜி இதைக் கண்டுபிடித்து, பிரிவை வாசிக்க மட்டும் திறக்கும். காவடிப் படங்களை எடுத்துக்கொள்ள அது போதும். எழுதவும் வேண்டுமானால் விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள்.

சைக்ளோன் மாதங்களில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் டிஸ்க்கில் 'டர்ட்டி' குறி (சரியாக மூடப்படவில்லை என்ற அடையாளம்) விழும். அப்போது என்டிஎஃப்எஸ்3 திறக்கவே மறுத்து, 'ஃபோர்ஸ்' (கட்டாயமாகத் திற என்ற விருப்பம்) கொடுக்கவில்லை என்று முறைக்கும். உடனே ஃபோர்ஸ் கொடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. லினக்ஸின் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளை அந்தக் குறியை அழிக்குமே தவிர, முழுப் பழுதுபார்ப்பு விண்டோஸின் செக்டிஸ்க் வேலை.

டிஸ்க் பிரிவுகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் பட்டியலில் 'பிட்லாக்கர்' (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) என்று வந்தால் இரண்டு டிரைவரும் உதவாது. 48 இலக்க மீட்புச் சாவியோடு கிரிப்ட்செட்அப் என்ற லினக்ஸ் கருவியை (பதிப்பு 2.3 அல்லது அதற்குப் பின்) கொண்டு முதலில் பூட்டைத் திறக்க வேண்டும்.

பூட் ஆகும்போதே எந்தப் பிரிவைத் திறப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியில் எஸ்டிஏ1 போன்ற பெயர் வேண்டாம், யுயுஐடி (பிரிவின் தனி அடையாள எண்) போடுங்கள். யுஐடி 1000 (கோப்புகளின் உரிமையாளர்), யுமாஸ்க் 022 (மற்றவர்கள் எழுத முடியாது), கூடவே நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும்). கடைசியானதை விட்டால், வெளி டிஸ்க்கைச் சொருகாத நாளில் பூட் ஒன்றரை நிமிடம் நின்று எமர்ஜென்சி மோடில் போய் விழும். அதே வரியில் வகை எழுதும் இடத்தில் வெறும் 'என்டிஎஃப்எஸ்' என்று எழுதினால், 3ஜி நிறுவியிருக்கும் உபுண்டுவில் 3ஜியே ஓடும்.

கோப்புகளுக்குத் தமிழில் நீளமாகப் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று: என்டிஎஃப்எஸ் 255 குறியீடுகள் ஏற்கும், லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறை ஏற்பதோ 255 பைட். தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். 85 குறியீடு தாண்டினால் நகலெடுக்க முடியாது. 'காவடி' மூன்றெழுத்தாகத் தெரிந்தாலும் குறியீடு ஐந்து.

லினக்ஸில் கடிகாரம் நான்கு மணி நேரம் முன்னே ஓடினால் டிரைவர் மேல் பழி போடாதீர்கள். விண்டோஸ் போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு மொரீஷியஸின் நான்கு மணி நேரத்தை மேலும் கூட்டுகிறது.