தெர்மாமீட்டரா, ஆக்சிமீட்டரா, பழைய கைக்கடிகாரமா?

வீட்டில் 78 வயது அம்மா. நிமோனியா வருகிறதா என்று கவனிக்க மூன்றும் வைத்திருக்கிறேன். என் ஓட்டு கடிகாரத்துக்குத்தான்.

தெர்மாமீட்டர் காய்ச்சல் இருந்தால் காட்டும், அவ்வளவுதான். வயதானவர்களுக்கு நுரையீரலில் கிருமித் தொற்று இருந்தும் காய்ச்சலே வராமல் போகலாம். போன மார்கழியில் அம்மாவுக்கு 98.4, இருமலும் பெரிதாக இல்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, மூன்றாம் நாள் காலை காபி டம்ளரைக் குடிக்காமல் கையில் பிடித்தபடியே என்னை மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வயசாகிவிட்டது, மறதி என்று விட்டுவிட்டோம். நேற்று வரை தெளிவாக இருந்தவருக்குத் திடீரென வரும் குழப்பத்தை அப்படி விடக் கூடாது என்று அப்போது தெரியாது.

ஆக்சிமீட்டர், அதாவது விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி, கொரோனா சமயத்தில் வாங்கியது. அம்மா குழம்பிய அன்று 95 காட்டியது, நிம்மதியாக இருந்துவிட்டோம். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அது தடுமாறும், கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டியும் காட்டலாம். அதைவிட, உடம்பு வேகவேகமாக மூச்சு வாங்கி அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும். அந்தப் பாடு மூச்சை எண்ணினால்தான் தெரியும்.

எண்ணப் போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பு வருகிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக 12 முதல் 20. அம்மாவுக்கு அன்று சாயங்காலம் 28. நிமோனியா எவ்வளவு தீவிரம் என்று கணிக்க டாக்டர்கள் பார்ப்பவற்றில் குழப்பம், குறைந்த ரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது இவற்றோடு 30ஐத் தொட்ட மூச்சும் ஒன்று.

நோய் இதுதான் என்று கடிகாரம் சொல்லாது, கிளம்பு என்று மட்டும்தான் சொல்லும். எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்துவிடுவதும் உண்டாம். சளிப் பரிசோதனை என்றால், முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

ஆஸ்துமா, இதய பலவீனம் உள்ளவர்களுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு வேகமாக இருக்கலாம், அங்கே எனக்கு அனுபவம் இல்லை. ஆக்சிமீட்டரையும் தூக்கிப் போடவில்லை. 92க்குக் கீழே இறங்கினால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் நன்றாக இருக்கும் நாளில் எண்ணி வைத்தால்தான் ஒப்பிட முடியும். எங்கள் வீட்டு நாள்காட்டியில் ஞாயிறுதோறும் பேனாவால் ஓர் எண் இருக்கும். இந்த வாரம் 18.