புளியரைத் தெருவில் இரவு முகம் தெரிய எந்தக் கேமரா? மூன்று வகைகளை மாட்டிப் பார்த்த மதிப்பீடு

கண்காணிப்பு கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். இரவில் வாசலுக்கு எதிரே வந்து நின்றவர் யார் என்று பின்னால் சொல்ல முடிய வேண்டும் என்பதே நோக்கமானால், அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அந்த முகம் படத்தில் எத்தனை புள்ளிகளுக்குள் (பிக்சல்) விழும், அதன் மேல் வெளிச்சம் எங்கிருந்து படும், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று கேட்பதே முறை. செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய புளியரையில், கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. இரவு முழுவதும் சோதனைச் சாவடியை நோக்கிச் செல்லும் லாரிகளின் முகப்பு வெளிச்சம் தெருவின் வாயில் வந்து அடிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலும் பனிமூட்டமும் இறங்கும். இத்தகைய இடத்தில் கேமராவின் திறமை பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைவிட வேறு விதமாகத்தான் தெரிகிறது.

முதலில் மாட்டியது, கடைகளில் அதிகம் விற்கும் வகை: 4 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ், வைஃபை இணைப்பு, இரவில் அகச்சிவப்பு விளக்கு. தெரு முழுவதும் ஒரே படத்தில் அடங்கிவிடுவதால் பார்ப்பதற்கு மிகவும் நிறைவாக இருக்கும். ஆனால் ஐ.இ.சி. 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்று வகுத்திருக்கிறது. ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 போதும், ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அறிய 25 போதும். 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் 2560 புள்ளிகள். அதை 250 ஆல் வகுத்தால், காட்சியின் அகலம் ஏறக்குறைய 10 மீட்டருக்குள் இருக்கும் வரைதான் முகம் தேறும். ஏறத்தாழ 100 பாகை விரிந்து பார்க்கும் லென்ஸில் அந்த அகலம் கேமராவிலிருந்து நாலே கால் மீட்டர் தூரத்திலேயே வந்துவிடுகிறது. எங்கள் வாசற்கதவைத் தாண்டினால் தெரிவது ஆள் உருவம் மட்டுமே. இந்த வகையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது செய்ய வல்ல வேலை வேறு. வீட்டுத் திண்ணையையும் படிக்கட்டையும் காக்க அது போதும்.

"அண்ணாச்சி, எட்டு மெகாபிக்சல் போட்டுருவோம், எல்லாம் பளிச்சுன்னு தெரியும்" என்று மாட்ட வந்த தம்பி சொன்னார். பகலில் அது சரி. அதே விரிவான லென்ஸோடு 8 மெகாபிக்சல் வைத்தால் நாலே கால் மீட்டர் ஏறக்குறைய ஆறரை மீட்டராகிறது, அவ்வளவுதான். ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் அதே அளவில் இருக்க, அதில் இருமடங்கு புள்ளிகளை நெருக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைந்துவிடுவதால், இரவில் அந்த ஆதாயமும் பெருமளவு கரைந்துவிடும். ஆகவே அதை நான் ஏற்கவில்லை.

இரண்டாவதாக வைத்தது, இரவிலும் வண்ணத்தில் பதிவு செய்யும் வகை. எஃப் 1.0 என்ற அகன்ற ஒளித்துளை கொண்ட லென்ஸும், கூடவே ஒரு வெண்மை விளக்கும் இதில் உண்டு. இதன் உண்மையான பலன் ஆடையின் நிறம். அகச்சிவப்பு ஒளியில் கறுப்புச் சட்டைகூடப் பல சமயங்களில் வெளிறித் தெரியும். வண்டி சிவப்பா நீலமா என்று சொல்ல வழியே இல்லை. காவல் நிலையத்தில் முதலில் கேட்பது நிறத்தையும் உடையையும்தான் என்பதால் இது சிறிய நன்மை அன்று. விளக்கு எரிவதைப் பார்த்தே சிலர் விலகிப் போவார்கள் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் பூச்சிகள் அந்த விளக்கை மொய்த்து, அவற்றைப் பிடிக்க வரும் சிலந்தி லென்ஸின் முன்னாலேயே வலை பின்னிவிடுகிறது. சாரல் இறங்கும் இரவுகளில் லென்ஸுக்கு அருகிலேயே விளக்கு இருப்பதால் ஒளி துளிகளில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெண்திரை விழுகிறது. அகச்சிவப்பு விளக்குக்கும் இந்தக் குறை அப்படியே உண்டு. பனிமூட்டத்தில் லாரியின் உயர்கதிர் விளக்கைப் போட்டால் ஓட்டுநருக்குச் சாலை மறைந்துபோவதைப் போன்றது இது.

நான் நிலையாக வைத்துக்கொண்டது மூன்றாவது வகை: 4 மெகாபிக்சல், வழக்கத்தைவிடப் பெரிய 1/1.8 அங்குலச் சென்சார், கோணத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் லென்ஸ், மின்சாரத்தையும் படத்தையும் ஒரே நெட்வொர்க் கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு. விலை முதல் வகையைப் போலப் பல மடங்கு. அதற்குத் தகுந்த காரணம் உண்டு. காட்சிக் கோணத்தை 50 பாகைக்குக் குறைத்ததும், அதே 2560 புள்ளிகள் 11 மீட்டர் தூரம் வரை அடையாளம் காணும் அளவுக்குப் பயன்படுகின்றன. எதிர்வீட்டு மதில் வரை அதில் அடங்கிவிடுகிறது. வாங்கும்போது மி.மீ. அளவை மட்டும் பார்க்க வேண்டாம். சென்சார் பெரிதாக இருந்தால் அதே மி.மீ. லென்ஸ் கூடுதலாக விரிந்து பார்க்கும் என்பதால், குறிப்பேட்டில் பாகைக் கணக்கைப் படித்துக்கொள்வதே நம்பகமானது.

கேமராவிலேயே இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு, அதிலிருந்து நன்றாக விலகி, வாசல் தூணில் தனியாக ஓர் எல்.இ.டி. விளக்கை முகத்தில் படும்படி வைத்தேன். சாரலில் விழுந்த வெண்திரை அத்துடன் பெரும்பாலும் நீங்கியது. இரவு முழுவதும் வண்ணப் படமே கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கேமராவை உயர்த்துவதற்கு முன், சில நூறு ரூபாய் விளக்கைச் சரியான இடத்தில் வைத்துப் பாருங்கள் என்று எவரிடமும் சொல்வேன்.

ஷட்டர் அமைப்பைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. தானியங்கி அமைப்பில் விட்டால் இருட்டில் கேமரா 1/25 விநாடி வரை ஷட்டரைத் திறந்து வைக்கும்; நின்ற பொருள்கள் எல்லாம் அழகாகத் தெரியும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அந்த 1/25 விநாடியில் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். படத்தில் அது 14 புள்ளி அளவுக்கு முகத்தை இழுத்துவிடும். 1/100 என்று நிலைப்படுத்தினால் அந்த இழுப்பு மூன்று நான்கு புள்ளிகளாகச் சுருங்கும். படம் சற்று இருண்டாலும் கண்ணும் மூக்கும் கிடைக்கும். இருட்டில் படத்தில் தோன்றும் புள்ளிச் சிதறலை (இரைச்சல்) நீக்கும் வசதியையும் இரவில் குறைத்தே வைக்க வேண்டும். அது அசையும் முகத்தை மெழுகி விடுகிறது. கடையில் காட்டும் மாதிரிப் படம் எப்போதும் வெறுந்தெருவாக இருப்பதால் இந்தக் குறைகள் அங்கே வெளிப்படுவதில்லை. நடந்து போகும் ஒருவரை இரவில் பதிவு செய்து, படத்தை நிறுத்திக் காட்டும்படி கேளுங்கள்.

உயரமும் முக்கியம். மாடியில் நான்கரை மீட்டர் உயரத்தில் மாட்டினால் எட்டு மீட்டரில் நிற்பவரையே 20 பாகை சரிவில் பார்ப்போம். அருகில் வர வரத் தொப்பியும் தலைமுடியுமே மிஞ்சும். இரண்டரை மீட்டர் உயரத்தில் வைத்தால் முகம் நேராக விழுகிறது. கைக்கு எட்டும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகத்தான் பழைய அகன்ற கேமராவை மாடியிலேயே விட்டு, கீழே இருக்கும் கேமராவை அது பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.

வண்டி எண்ணை இதே கேமராவிடம் எதிர்பார்க்கக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு எண் பலகை ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். முகத்துக்கு ஏற்ற வெளிச்சத்தில் அது வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும். எண்ணுக்கு 1/500 அல்லது அதைவிட விரைவான ஷட்டரும், தெருவாயை மட்டும் நோக்கிய குறுகிய லென்ஸும் கொண்ட தனிக் கேமரா வேண்டும். லாரி வெளிச்சம் நேரே விழும் இடமென்றால் கடும் ஒளியை அடக்கும் அமைப்பையும் இயக்க வேண்டும்.

பதிவுப் பெட்டிக்கு 2 டி.பி. வன்தட்டு போதுமானது, விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா நாளொன்றுக்கு 43 ஜி.பி. எடுத்துக்கொள்ளும், ஆகவே ஒன்றரை மாதப் பதிவு தங்கும். மின்தடைக்கு யு.பி.எஸ். அவசியம். 2025 ஏப்ரல் முதல் நடுவண் அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கண்காணிப்பு கேமராக்களுக்குக் கட்டாயமாகியிருப்பதால், வாங்கும் மாதிரிக்கு அது இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

பதிவுப் பெட்டியின் கடிகாரம் இணையத்தோடு தானாக நேரம் சரிபார்த்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடும், குறிக்கப்படுகிறது. ஆகவே பதிவைக் கைப்பேசித் திரையிலிருந்து படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், மூலக் கோப்பையே பென்டிரைவில் எடுத்து, பெட்டியில் இருப்பதை அழியாமல் பூட்டி வையுங்கள்.