இரவு மெயிலுக்கு முன் ஒரு பின்னேரம்: காலிமுகத்திடலா, வெள்ளவத்தையா?

திருகோணமலையிலிருந்து அலுவலாகக் கொழும்புக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், வேலை பெரும்பாலும் மத்தியானத்தோடு முடிந்துவிடும், ஊருக்குத் திரும்பும் மெயில் ரயில் இரவில்தான். கடவுச்சீட்டு, வைத்தியர், பிள்ளையின் படிப்பு, எதற்குப் போனாலும் நடுவில் ஒரு முழுப் பின்னேரம் கையில் மிஞ்சும். பார்க்கவேண்டியதெல்லாம் ஆரம்பப் பயணங்களிலேயே பார்த்தாகிவிட்டது, இப்போது தேவை ஆறுதலாக இருக்க ஓர் இடம். என் கணக்கில் போட்டி நாலுக்குள்: புறக்கோட்டை, நூதனசாலைப் பக்கம், காலிமுகத்திடல், வெள்ளவத்தை. நான் வெள்ளவத்தைக் கட்சி, அதை முன்னமே சொல்லிவிடுகிறேன்.

புறக்கோட்டை, மெயில் புறப்படும் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது என்பது பெரிய வசதி. 1909இல் கட்டிமுடித்த சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசல், செட்டியார் தெரு நகைக்கடைகள், கதிரேசன் கோயில்கள் என்று பார்க்கக் குறைவில்லை. ஆனால் சாமான் வாங்கப் போகிறவனுக்கான இடம் அது. சுமை இழுக்கும் நாட்டாமைமாரின் தள்ளுவண்டிக்கு விலகி விலகியே பொழுது போகும், உட்கார ஒரு திண்ணை கிடையாது.

நூதனசாலை வெயில் நேரத்துக்கு நல்லது. 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தில் பொலன்னறுவை வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் நின்றால் நேரம் போவது தெரியாது, கோணேசர் கோயிலுக்கு அருகே 1950இல் மண்ணிலிருந்து வெளிவந்த திருமேனிகளைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கை வேலை புதிதும் இல்லை. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த காலிக் கல்வெட்டும் இங்கேதான் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதி போட்ட கல், தெவிநுவரைக் கோயில் தெய்வமான நாயனாரைத் தமிழில் போற்றுகிறது. விகாரமகாதேவிப் பூங்கா மர நிழலும் பக்கத்திலேயே. (ஊரில் கோட்டை வாசலில் மான் நின்று கடதாசி மெல்வதைப் பார்த்துப் பழகியவனுக்குப் பூங்கா அவ்வளவு பெரிய அதிசயமில்லை, அது வேறு கதை.) குறை எங்கே என்றால், மாலையானதும் நூதனசாலையைப் பூட்டிவிடுவார்கள், நீங்கள் வெளியே வரும் அதே நேரம் கந்தோர்களும் விடும். அப்போது பையைத் தூக்கிக்கொண்டு 138ஆம் இலக்க பஸ்ஸில் தொற்ற வேண்டும்.

காலிமுகத்திடல் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடலுக்குள் பிறந்தமாதிரி வளர்ந்த நாங்கள் கொழும்பிலும் கடல் பார்க்கப் போவதா என்று கேட்பார்கள். ஆனால் எங்கள் கடலில் சூரியன் எழும், விழாது. உள்துறைமுகப் பக்கம் நின்றாலும் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். செக்கச் செவேலென்று கடலுக்குள்ளேயே அமிழ்வதைப் பார்க்க மேற்குக் கரைக்குத்தான் வரவேண்டும், அதுவும் மார்கழி, தை மாதங்களில். அப்போது எங்கள் பக்கம் கடல் கொந்தளிக்கும், இங்கே அடங்கிக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு அப்படியே மாறிவிடும்: நிலாவெளி குளம்போல இருக்க, இங்கே காற்று இறால் வடையில் வைத்த வெங்காயத்தையே தூக்கிக்கொண்டு போகும். அந்த வடையைச் சாப்பிடத் தெரிய வேண்டும், தலையும் மீசையுமாக இறால் மேலே ஒட்டியிருக்கும், முதலில் ஓரத்தைக் கடித்துவிட்டு நடுவுக்கு வந்தால் உடையாது. சரி, இவ்வளவு நல்ல இடத்துக்கு ஏன் இரண்டாம் இடம்? நிழல் இல்லை. ஐந்து மணிக்கு முன் போனால் கருகிவிடுவீர்கள், ஆகவே கடைசி ஒரு மணித்தியாலத்துக்குத்தான் அது இடம்.

வெள்ளவத்தையில் இந்தப் பிரச்சினை இல்லை. மத்தியானம் சைவக்கடையில் சோறு, அப்புறம் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் வெயில் தணியும்வரை வாசிப்பு, பிறகு ஒரு ரோல்ஸும் பிளேன்டியும் குடித்துவிட்டு மரைன் டிரைவைக் கடந்து தண்டவாளத்துக்கு அங்கால் உள்ள கல்லில் இருந்தால் கடல் காலடியில். சொந்தக்காரர் வீட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். “சாப்பிடாமப் போறதோ?” என்று மாமி கேட்டுவிட்டால் மெயில் போய்விடும்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது திரும்பிவரும் வழிதான். பின்னேரத்தில் காலி வீதி பஸ் எப்போது கோட்டைக்கு வந்துசேரும் என்று யாராலும் சொல்ல முடியாது, கொள்ளுப்பிட்டியில் நின்றால் நின்றதுதான். ஆட்டோவும் அதே நெரிசலுக்குள்தான் போகவேண்டும். கோச்சி அப்படியில்லை. மாலையில் சனம் முழுக்கக் கோட்டையிலிருந்து தெஹிவளை, மொரட்டுவை, பாணந்துறைப் பக்கம் வீட்டுக்குப் போகும், அந்தப் பெட்டிகளில் கால் வைக்க இடமிருக்காது. நாம் போவதோ எதிர்த் திசை. இருக்க இடம் கிடைக்காவிட்டாலும் பையை வைத்துவிட்டு நிற்க இடம் கிடைக்கும். வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு தாண்டி அரை மணித்தியாலத்துக்குள் கோட்டை. அங்கே ஸ்டேஷனைவிட்டு வெளியே வரவும் தேவையில்லை, மேம்பாலம் ஏறி மெயில் நிற்கும் மேடையில் இறங்கினால் சரி.

அந்தப் பயணமும் ஒரு பொழுதுபோக்குத்தான். கோட்டைக்குப் போகும்போது இடப்பக்கம் நில்லுங்கள், கடல் அந்தப் பக்கம். கொள்ளுப்பிட்டிவரை தண்டவாளம் கடலோடு ஒட்டியே வரும், சூரியன் விழும் நேரத்து வண்டியைப் பிடித்தால் காலிமுகத்திடலில் பார்க்கவேண்டியதை வாசலில் நின்றே பார்த்துவிடலாம். கடல் கடுமையான மாதங்களில், “தம்பி, உள்ளுக்கு வாரும், தண்ணி அடிக்கும்” என்று வழக்கமாக வருகிற ஐயாமார் சொல்வார்கள். சொன்னால் கேட்பது நல்லது, உப்புத்தண்ணீரில் நனைந்த சட்டையோடு இரவு முழுக்கக் கல்லோயா தாண்டி ஊர்வரை இருக்க வேண்டிவரும்.

தாமரைக் கோபுரம், பெரிய கடைத்தொகுதிகள் பற்றி நான் அதிகம் பேச ஆளில்லை. குளிரூட்டிக்காக உள்ளே நுழைந்து வெளியே வந்ததோடு சரி, பிள்ளைகளோடு போகிறவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். கல்கிசையும் அப்படித்தான், குளிக்கப் போகிறவர்களுக்கு அது பிடிக்கலாம், எனக்குப் பையைக் காவல் காக்கவே நேரம் போகும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோர வண்டிகள் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும், வேலைநிறுத்தம் என்றால் அதுவும் இல்லை. அந்த நாட்களில் நான் காலிமுகத்திடலுக்கே போய், அங்கிருந்து நடந்தே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன், பை பாரமில்லாவிட்டால்.