மூன்றாவது கட்சியா, குறைந்த தீமையா?

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் புஷ் ஜெயித்தது வெறும் 537 ஓட்டில். அங்கேயே பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488. அதில் நூற்றில் ஒரு பங்கு ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குப் போயிருந்தாலே வெள்ளை மாளிகைக்கு வேறு ஆள் வந்திருப்பார்.

மனசாட்சிப்படி போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வேறு வழியில்லை என்று ஒரே கட்சிக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் அது நம்மைக் கண்டுகொள்ளாது. சரி, ஆனால் 1992இல் சுயேச்சை ராஸ் பெரோ சுமார் 19 சதவீதம் வாங்கியும் ஒரு தேர்வாளர்கூட (மாநிலத்தின் சார்பில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்) கிடைக்கவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே எல்லாத் தேர்வாளர்களும்.

அதனால் இழுபறி மாநிலத்தில் இரண்டு பெரிய கட்சிகளில் குறைந்த தீமைக்கே போடவேண்டும் என்பேன். கலிஃபோர்னியா மாதிரி முடிவு முன்பே தெரிந்த இடத்தில் பிடித்தவருக்குத் தாராளமாகப் போடலாம். மெய்ன் மாநிலத்தில் இந்தத் தவிப்பு குறைவு: வேட்பாளர்களை வரிசைப்படுத்தலாம், முதல் விருப்பம் வெளியேறினால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும்.